பித்தளை ஃப்ளோட்

கார்புரேட்டர் ஒழுகிக்கொண்டே இருந்தது. வண்டிக்கு அடியில் வைத்த டப்பா பாதி நிறைந்துவிட்டது.

நேற்றுக் காலை வரை ஒரு சொட்டு கிடையாது.

மெக்கானிக்கிடம் விடமாட்டேன். ஐம்பத்தெட்டாம் வருஷத்து மோட்டார் சைக்கிள். நல்ல சாமானைக் கழற்றிக்கொண்டு சொத்தையை மாட்டி அனுப்புவான். ஒருத்தனையும் நம்புவதற்கில்லை.

மகனையும் சேர்த்துத்தான் சொல்கிறேன். எழுபத்தாறு வயதில் உனக்கு எதற்கு வண்டி என்று ஒரு வருஷமாக நச்சரிக்கிறான். பெட்ரோல் நாற்றம் அவனுக்கு வசதியாகப் போயிற்று.

"சாயங்காலத்துக்குள்ள ஒழுகுறது நிக்கலன்னா பழைய இரும்புக்காரனக் கூப்பிட்டுருவேம்ப்பா" என்று சொல்லிவிட்டு வேலைக்குப் போனான்.

பெட்ரோல் டேப்பை மூடிவிட்டு கார்புரேட்டரைப் பிரித்தேன். உள்ளே மிதக்கும் பித்தளை ஃப்ளோட்டை எடுத்துக் காதோரம் குலுக்கினேன். களக் களக் என்றது. அதற்குள் பெட்ரோல் புகுந்திருக்கிறது. மிதக்க வேண்டியது முழுகினால் ஒழுகத்தானே செய்யும்.

வெந்நீரில் முக்கினால் ஓட்டை இருக்கும் இடத்தில் குமிழி வரும்.

நான் கேட்பதற்கு முன்பே வீட்டுக்காரி வெந்நீர்ப் பாத்திரத்தோடு வந்து நின்றாள். நாற்பது வருஷம் எனக்கு ஸ்பேனர் எடுத்துக் கொடுத்தவள்.

முக்கினேன். பொடிக் குமிழிகள் வரிசையாக வந்தன.

பழசாகி விழுந்த ஓட்டை என்றால் ஈயம் வைத்து ஒட்டிய ஓரத்தில் வெடிப்பாக வரும். இது நட்டநடுவில் இருந்தது. நகத்தால் தடவினேன். விளிம்பு உள்பக்கம் மடங்கியிருந்தது.

யாரோ ஊசியால் குத்தியிருக்கிறார்கள்.

மகனுக்குக் கார்புரேட்டர் எது சைலன்சர் எது என்றே தெரியாது. இதைக் கழற்றி, குத்தி, ஒரு திருகுகூடச் சிராய்க்காமல் திரும்ப மாட்டத் தெரிந்தவர்கள் இந்த வீட்டில் இரண்டே பேர்.

அவளைப் பார்த்தேன். அவள் வெந்நீரைப் பார்த்தாள்.

முந்தாநாள் அவளைப் பின்னால் உட்காரவைத்துப் போனபோது இடது பக்கம் வந்த லாரி என் கண்ணில் படவே இல்லை. அவள் கத்தினாள், நான் பிரேக்கை மிதித்தேன். அதைப் பற்றி அவள் என்னிடமும் பேசவில்லை, மகனிடமும் சொல்லவில்லை.

ஒரு பொட்டு ஈயம் வைத்தால் போதும். அரை மணி வேலை.

"ஓட்டை எங்கன்னு தெரியுதா?" என்றாள்.

"இல்ல" என்றேன். "கண்ணு சரியாத் தெரியல."