கடிநாய் டீச்சர்

“தள்ளிப் போங்க, தள்ளிப் போங்க! கடிக்கும்!”

காலையில் அந்தக் குரல் கேட்டால் போதும். குடியிருப்பின் நடைபாதையில் இருப்பவர்கள் ஆளாளுக்குத் தங்கள் நாயை இழுத்துக்கொண்டு புல்தரையில் இறங்கிவிடுவார்கள். கணக்கு டீச்சர் தன் பழுப்பு நாயோடு நடுப்பாதையில் போவார். ஒரு சிரிப்பு கிடையாது, ஒரு வணக்கம் கிடையாது.

அங்கே நாயோடு நடப்பவர்களுக்குச் சொந்தப் பெயர் இல்லை. ‘சோடா அம்மா’, ‘கேப்டன் அப்பா’ என்று நாயை வைத்துத்தான் உறவு. டீச்சர் மட்டும் ‘கடிநாய் டீச்சர்’.

“பாதையை இவங்க பேருக்குப் பட்டா போட்டுக் கொடுத்துட்டாங்களா?” புல்லில் நின்றபடி பொருமினார் சோடா அம்மா. “என் சோடா சும்மா மோந்து பார்க்கத்தான் போச்சு. அதுக்கு ‘தொடையைப் பிடுங்கிடும், பிடிங்க’ன்னு ஒரு கத்தல்.”

“கடிக்கிற நாய்க்கு வாய்க்கூடு போடணும். சட்டம் இருக்கு” என்றார் கேப்டன் அப்பா.

“சட்டம் பேசற செயலாளரே புல்லுல இறங்கி நின்னா எப்படி?”

கேப்டன் அப்பாவுக்குச் சுருக்கென்றது. குடியிருப்போர் சங்கத்தின் செயலாளர் அவர்தான். அன்று மாலையே டீச்சர் வீட்டு மணியை அடித்தார்.

“டீச்சர், புகார் மேல புகார். நாளையிலேர்ந்து உங்க நாய்க்கு வாய்க்கூடு மாட்டித்தான் கூட்டிட்டு வரணும்.”

“வாய்க்கூடு போட்டா யாரும் ஒதுங்க மாட்டாங்களே சார்!”

“ஓகோ! எல்லாரும் ஒதுங்கி நின்னாத்தான் உங்களுக்கு நடக்க வருமா?”

“இன்னும் கொஞ்ச நாள் பொறுத்துக்கோங்க சார்.”

“கொஞ்ச நாள்ல என்ன, அதுக்குப் பல்லு விழுந்துடுமா? வாய்க்கூடு இல்லேன்னா நாய் வாசல் தாண்டக் கூடாது. அவ்வளவுதான்.”

மறுநாள் காலையும் டீச்சர் வந்தார். நாயின் வாயில் கூடு இல்லை.

“தள்ளிப் போங்க! கடிக்கும்!”

சோடா அம்மா வழக்கம்போல் இறங்கிக்கொண்டார். செயலாளர் மட்டும் கேப்டனோடு நட்டநடுவில் நின்றார்.

“சார், சொல்றேன்ல... கடிக்கும் சார்!”

“கடிக்கட்டும். இன்னைக்கு ரெண்டுல ஒண்ணு பார்த்துடறேன்.”

பழுப்பு நாய் கேப்டனின் அருகில் வந்தது. மூக்கோடு மூக்கு வைத்தது. பிறகு மல்லாந்து படுத்து, வயிற்றைக் காட்டி வாலை ஆட்டியது.

“இதுவா கடிக்கும்?” செயலாளருக்கு முகம் சிவந்துவிட்டது. “பொய் சொல்லி எங்களையெல்லாம் தினமும் புல்லுல நிக்க வச்சிருக்கீங்க! படிச்சவங்க செய்யற வேலையா இது?”

டீச்சர் திரும்பித் திரும்பிப் பின்னால் பார்த்தார்.

பாதையின் திருப்பத்தில் தரைத்தள நர்ஸ் வந்துகொண்டிருந்தார். கூடவே, பின்னங்காலில் கட்டுப் போட்ட ஒரு கறுப்பு நாய். தெருநாய்கள் சேர்ந்து குதறிப் போட்டிருந்ததை அவர் தூக்கி வந்து வளர்க்கிறார். சுவரோடு சுவராக, ஒவ்வொரு அடியாக வைத்து வந்தது அது.

புது நண்பனைக் கண்ட கேப்டன் ஒரே பாய்ச்சலில் செயலாளரையும் இழுத்துக்கொண்டு ஓடியது.

“பயப்படாதீங்க சிஸ்டர்! எங்க கேப்டன் ஒண்ணுமே பண்ணாது!” ஓடியபடியே சிரித்துக்கொண்டு கத்தினார் செயலாளர்.

கேப்டன் ஒன்றும் பண்ணவில்லைதான். விளையாட்டாக ஒரு முறை குரைத்தது. அதற்கே கறுப்பு நாய் தரையோடு ஒட்டிக்கொண்டது. உடம்பெல்லாம் நடுங்கியது. நின்ற இடத்தை நனைத்துவிட்டது. நர்ஸ் அதை அள்ளித் தோளில் போட்டுக்கொண்டு வீட்டுக்குத் திரும்பினார்.

“போச்சு” என்றார் பின்னாலேயே ஓடிவந்த டீச்சர். “இனி அதை வாசல் தாண்ட வைக்கவே எத்தனை நாள் ஆகுமோ. தினமும் நடக்கலேன்னா கால் விளங்காமப் போயிடும்னு டாக்டர் சொல்லியிருக்கார் சார். அதுக்கு வழி கிடைக்கட்டும்னுதான் நான் முன்னாடி கத்திக்கிட்டே போனேன்.”

செயலாளர் கேப்டனின் பெல்ட்டைக் கையில் சுற்றி இறுக்கிக்கொண்டார்.

“என்ன டீச்சர் இது? விஷயத்தைச் சொல்லியிருந்தா நாங்களே ஒதுங்கியிருக்க மாட்டோமா?”

“சிஸ்டர் எல்லார்கிட்டயும் சொன்னாங்க சார், உங்ககிட்டயும்தான். இப்ப ஓடிவரும்போது சொன்னீங்களே, அதையேதான் அன்னைக்கும் சொன்னீங்க.”