தங்கமான பிள்ளை

1994. யாகோப்புவின் மகள் பிறின்சி, ஜெர்மனியின் கார்ல்ஸ்ரூஹே நகரில் பள்ளிக்கூட நாடகத்தில் மிடாஸ் ராசாவின் மகளாக நடித்தாள்.

தொட்டதெல்லாம் பொன்னாக வேண்டும் என்று வரம் வாங்கியிருந்த ராசா, மறந்துபோய் மகளைக் கட்டியணைத்தான். பிறின்சி பொற்சிலையாகி அசையாமல் நின்றாள். மண்டபம் முழுக்க மூக்கை உறிஞ்சும் சத்தம். கடைசியில் ராசா ஆற்றுத் தண்ணீரை அள்ளி ஊற்ற, சிலை மறுபடியும் சிறுமியானது. எல்லோரும் கைதட்டினார்கள்.

யாகோப்புவின் மனைவி கொறற்றி மட்டும் அப்போதுதான் விம்மத் தொடங்கினாள்.

வகுப்பு ரீச்சர் ஓடிவந்து அவள் கையைப் பிடித்துக்கொண்டார். யாகோப்பு மனைவியின் காதருகே குனிந்தார்.

"நாடகம்தானேயப்பா, அழாதையும். பிள்ளை திரும்பி வந்திட்டாள்தானே?"

"அதுக்குத்தான் அழுறன்! எங்களுக்கு நாலும் பெட்டையள். ஒருத்தியாவது சீதனமில்லாமல் கரையேறுவாள் எண்டு பார்த்தால், தண்ணியை ஊத்திக் கெடுத்துப்போட்டாங்களே!"

அவள் என்ன சொல்கிறாள் என்று ரீச்சர் ஜெர்மன் மொழியில் கேட்டார்.

யாகோப்பு, மகளை உயிரோடு திருப்பித் தந்ததற்கு நன்றி சொல்கிறாள் என்றார்.

ரீச்சர் கொறற்றியைக் கட்டிப்பிடித்து, தானும் விம்மி விம்மி அழுதார்.