கடைசி அலசல்

தங்கையின் ஓட்டப் பயிற்சி உடைகளை அக்காதான் துவைப்பாள். அந்த வேலையை அவள் வேறு எவரிடமும் விட்டதில்லை.

பனியனையும் ஷார்ட்ஸையும் உட்புறம் வெளியே வரும்படி திருப்புவாள். குளிர்ந்த நீரில் கால் கரண்டி சோப்புத்தூள் போதும். தேய்க்க மாட்டாள், முறுக்கிப் பிழிய மாட்டாள். கைக்குழந்தையைக் குளிப்பாட்டுவதுபோல் மெல்ல அமுக்கி எடுப்பாள். வெயில் பட்டால் துணி தளர்ந்துவிடும் என்று, அப்பாவின் அறையில் மின்விசிறிக்குக் கீழே கொடி கட்டி உலர்த்துவாள்.

பக்கவாதம் வந்து படுக்கையோடு படுக்கையாகிவிட்ட அப்பா, இந்த வீட்டில் ராஜோபசாரமெல்லாம் பனியனுக்குத்தான், பெற்றவனுக்கு இல்லை என்று கோணிய வாயால் கிண்டல் செய்வார்.

கடைசி அலசலில் மட்டும் நீலப் புட்டியிலிருந்து ஒரு மூடி வாசனைத் திரவம் ஊற்றுவாள். துணி பூவாக மணக்கும், பட்டாக வழுக்கும்.

நான்காவது மாடியில் அவர்கள் மூவர்தான். அப்பாவைப் புரட்டிப் படுக்கவைப்பதும், ஊட்டுவதும், துடைப்பதும் அக்காவின் பொறுப்பு. தெருமுனை மருந்துக் கடைக்குப் போனால் கால் கடை வாசலில் நிற்கும், மனம் கட்டிலருகே நிற்கும். ஒரு காலத்தில் அவளும் ஓடியவள்தான். அப்பா விழுந்த வாரம் கழற்றிய காலணியை மறுபடி மாட்டவில்லை.

நாளை தங்கைக்குத் தேர்வு ஓட்டம். தேறினால் வேறு நகரத்துப் பயிற்சி விடுதிக்குப் போய்விடுவாள். ஆண்டுக்கு ஒருமுறை எட்டிப் பார்த்தால் பெரிது. தேறாவிட்டால் வயது வரம்பு கடந்துவிடும், வீடே கதி.

சில மாதங்களாகத் தங்கையின் ஓட்டம் மந்தப்பட்டிருந்தது. முதல் சுற்றுகளில் முந்துகிறவள், கடைசிச் சுற்றில் ஈரச்சாக்கைச் சுமப்பவள்போல் திணறினாள். மூட்டை தூக்கவா வந்தாய் என்று பயிற்சியாளர் எல்லார் முன்னிலையிலும் கேட்டாராம். அதைச் சொல்லித் தங்கை சிரித்தாள். அக்கா சிரிக்கவில்லை.

இன்று மாலை தங்கை கைகளை உடம்போடு சேர்க்காமல் அகட்டிக்கொண்டே வீட்டுக்குள் வந்தாள். களிம்பு தடவிவிடச் சொல்லி அக்காவின் முன்னால் உட்கார்ந்தாள்.

நனைந்த பனியனை உரித்துத்தான் எடுக்க வேண்டியிருந்தது. அக்குளுக்குக் கீழே தோல் வழன்று, சிவந்து, ஓரங்களில் நீர் கோத்திருந்தது.

களிம்பெடுத்த விரல் அந்தரத்தில் நின்றது.

வியர்வையை வெளியே கடத்தும் இவ்வகைத் துணிக்குக் கண்ணுக்குத் தெரியாத வாசல்கள் உண்டு. நீலப் புட்டியின் திரவம் மெழுகாகப் படிந்து அவற்றை ஒவ்வொன்றாக அடைத்துவிடும். பிறகு வியர்வை உள்ளேயே தங்கும், துணி கனக்கும், ஓட்டம் பிந்தும். தான் ஓடிய நாட்களிலேயே அக்கா அறிந்துகொண்டது இது. அறிந்துதான் ஊற்றினாள்.

நீதிக்கதைகளில் கண்ணி வைப்பவன் புதருக்கு அப்பால் ஒளிந்திருப்பான். இங்கே கண்ணியில் சிக்கியவளே, துணைக்கு ஒருத்தி வேண்டுமென்று இன்னொரு கண்ணியை வைத்தாள்.

தங்கை சில நொடிகள் பிந்தினால் போதும், இந்த நான்கு சுவர்களுக்குள் பேச ஓர் ஆள் மிஞ்சும் என்றுதான் கணக்குப் போட்டாள். கனத்த துணி தோலை அறுக்கும் என்பது அந்தக் கணக்கில் வரவே இல்லை.

களிம்பைத் தடவி முடித்தாள். எழுந்துபோய்க் கொடியிலிருந்த உடைகளை எல்லாம் உருவினாள். வாளியில் நீர் நிறைத்து, சமையலறையிலிருந்த வினிகர் முழுவதையும் அதில் கவிழ்த்து, துணிகளை அமிழ்த்தினாள். படிந்ததைக் கரைக்க அவளுக்குத் தெரிந்த வழி அது ஒன்றுதான். விடிவதற்குள் எவ்வளவு கரையும் என்பது அவளுக்கே தெரியாது.

புளித்த நெடி வீடெங்கும் பரவியது. தங்கை வந்து குளியலறை வாசலில் நின்றாள்.

"உன் துணியை நான்தான்டி கெடுத்தேன். வேணும்னேதான் கெடுத்தேன்" என்றாள் அக்கா, வாளியை விட்டுக் கண்ணெடுக்காமல்.

தங்கை திரும்பி உள்ளே போனாள். இனி இவள் என் முகத்தில் விழிக்க மாட்டாள் என்று அக்கா எண்ணினாள். ஊறுகாய் போடுகிறீர்களா என்று அப்பா அறையிலிருந்து கேட்டார்.

திரும்பி வந்த தங்கையின் கையில் பளபளக்கும் ஓர் உறை இருந்தது. உள்ளே புதிய பனியனும் ஷார்ட்ஸும், ஒட்டுக்கூடப் பிரிக்கப்படவில்லை.

பழைய துணியைத் தொட்டுப் பார்த்ததுமே பயிற்சியாளருக்கு விஷயம் பிடிபட்டுவிட்டதாம். சென்ற மாதமே இதைக் கொடுத்துவிட்டாராம். ஏன் போடவில்லை என்று அவர் கேட்டபோதெல்லாம், அளவு பெரிது என்று சொல்லிச் சமாளித்திருக்கிறாள். பையின் அடியில் இதை வைத்துக்கொண்டு, அக்கா துவைத்ததையே நாள்தோறும் உடுத்தி ஓடியிருக்கிறாள்.

"இதைப் போட்டா நான் ஜெயிச்சிடுவேன்க்கா" என்றாள், திருடிப் பிடிபட்டவளைப்போல.

அக்கா எழுந்து உறையை வாங்கினாள். ஈர விரல்கள் வழுக்கின. பல்லால் கடித்துக் கிழித்தாள்.

கைகளைத் தூக்கச் சொன்னாள். புண்ணில் உரசிவிடாமல், கொஞ்சம் கொஞ்சமாக இறக்கி, புதுப் பனியனைத் தானே தங்கைக்கு மாட்டிவிட்டாள்.

அளவு கச்சிதமாக இருந்தது.