கையுறை வகுப்பு

மனைவி மேகலாவை அடித்த ருத்ரேஷுக்கு, அவள் கைகால்களுக்கு ஷியாட்சு என்னும் ஜப்பானிய அழுத்த மசாஜ் செய்யக் கற்றுக்கொள்ளும்படி நீதிமன்றம் தண்டனை விதித்தது. வகுப்பில் அவனுக்கு மாட்டிவிட்ட கையுறை, மேகலா உணரும் வலியை அப்படியே அவன் உடம்பிலும் ஏற்றியது.

"முழங்கைக்குக் கீழ கட்டைவிரலை வச்சு மெதுவா அழுத்துங்க" என்றார் பயிற்சியாளர்.

அது அவன் முறித்த கை. அழுத்தியதும் தன் எலும்பே நொறுங்கியதுபோல் அலறினான்.

"இவ்ளோ வலியெல்லாம் இருக்காது! நடிக்கிறியாடி?" என்று அவளை ஓங்கி அறைந்தான்.

இருவரும் கன்னத்தைப் பிடித்துக்கொண்டு ஒன்றாகத் தரையில் விழுந்தார்கள். மேகலாதான் முதலில் எழுந்தாள். அவளுக்கு அது பழக்கம். உதட்டு ரத்தத்தைத் துடைத்துவிட்டு, அவன் உதைத்து வீங்கிய காலை நீட்டினாள்.

"எந்திரிங்க. கால் இன்னும் பிடிச்சுவிடல."