மண்பொருத்தம்

ஜாதகம் பொருந்திவிட்டது, மண்பொருத்தம்தான் பாக்கி. பெண்ணின் அம்மா பாவாத்தாள் வயல் பார்க்க வருகிறாள் என்றதும், மாப்பிள்ளையின் அப்பா நாச்சிமுத்து மண்ணில் பிடிமருந்தைக் கலந்துவிட்டார். வருடக்கணக்காக அடித்த களைக்கொல்லியை அது மண்ணோடு இறுக்கிக் கட்டிவிடும், மண்பொருத்தம் பார்க்க விஷம் அளக்கும் மீட்டருக்குத் தெரியாது. சோப்பு பட்டால் மட்டும் பிடி விட்டுவிடும் என்று கடைக்காரர் சொல்லியிருந்தார். அதை நாச்சிமுத்து வீட்டில் சொல்ல மறந்துவிட்டார்.

பாவாத்தாள் மீட்டரை மண்ணில் குத்தினாள். பூஜ்யம் காட்டியது.

"சுத்தமான மண்ணுங்க," என்றாள்.

நாச்சிமுத்துவின் மனைவி குப்பாயி மரியாதை தெரிந்தவள். "காலெல்லாஞ் சேறுங்க அக்கா, கழுவிக்குங்க," என்று வாளித் தண்ணீரும் சோப்பும் கொண்டுவந்து வைத்தாள். நுரைத்தண்ணீர் வரப்பிலிருந்து வழிந்து மீட்டர் நின்ற இடத்துக்குப் போனது. மீட்டர் அலறத் தொடங்கியது. நாச்சிமுத்து ஓடிப்போய் வாளியை நகர்த்தினார்.

பாவாத்தாள் குனிந்து அதை நிறுத்தினாள்.

"பதறாதீங்க அண்ணா. வர்ற ஞாயித்துக்கெழம எங்க வயல் பாக்க வருவீங்கல்ல, நாங்க கால் கழுவ வெறுந்தண்ணிதானுங்க வெப்போம்."

அன்றே தாம்பூலம் மாற்றினார்கள். கல்யாணப் பந்திக்கு அரிசியை மட்டும் வெளியூரில் வாங்குவதென்று இரண்டு வீட்டாரும் ஒருமனதாக முடிவு செய்தார்கள்.