ஜன்னலை ஒட்டி இரண்டு சீட்

“இது ஆகாது, இறக்கை மறைக்கும்” என்று முதல் சீட்டைத் தள்ளினாள் சுஜாதா. அடுத்தது கழிவறைக்குப் பக்கம். அதற்கடுத்தது கைக்குழந்தைக்காரர்கள் உட்காரும் வரிசை. மகனின் போனில் விமானத்தின் படத்தை விரித்து வைத்துக்கொண்டு, ஓசூர் உழவர் சந்தையில் கத்திரிக்காய் பொறுக்குவதுபோல் ஒவ்வொன்றாகக் கழித்துக்கொண்டிருந்தாள்.

மாதவன் பெட்டியில் துணி அடுக்கியபடியே சிரித்தான். கம்பெனி அவனை இரண்டு வருஷத்துக்கு லண்டன் அனுப்புகிறது, நாளை மதியம் பெங்களூரில் விமானம். கால் நீட்ட இடமிருந்தால் போதும் என்றான்.

“நீ பேசாம துணிய மடி கண்ணு. பத்து மணி நேரம் உக்காரணும், சும்மாவா?”

நடுவில் இருந்த நாலு பேர் வரிசைகளை அவள் ஏறெடுத்தும் பார்க்கவில்லை. ஓரத்து வரிசைதான் வேண்டும், அதிலும் இரண்டு சீட்டும் காலியாக இருக்க வேண்டும். ஒருவழியாகப் பதினான்காம் வரிசையில் அப்படி ஒன்று அகப்பட்டது. நடைபாதை ஓரத்தை மகனுக்குப் போட்டுவிட்டுச் சமையலறைக்குள் போய், குக்கர் சத்தத்தின் மறைவில் கிருஷ்ணகிரிக்குப் போன் அடித்தாள். ஜன்னல் சீட் காலியாகத்தான் இருக்கிறது, உடனே பிடித்துவிடு என்றாள். மறக்காமல் சீட் நம்பரை மெசேஜிலும் அனுப்பினாள்.

எதிர்முனையில் இருந்தவள் மாந்தோப்புக்கார வீட்டு ராஜாத்தி. அவள் மகள் பிரவீனா லண்டனில் மேற்படிப்பு படிக்கிறாள். விடுமுறைக்கு வந்தவள் அதே விமானத்தில் திரும்புவது தெய்வச் செயலெல்லாம் இல்லை. மாதவன் போகும் தேதியைத் தெரிந்துகொண்டு ராஜாத்தி எடுத்த டிக்கெட் அது.

மாதவனுக்கு முப்பத்தொன்று முடிந்துவிட்டது. மூன்று வீட்டில் பஜ்ஜி, கேசரி சாப்பிட்டு, வாயே திறக்காமல் எழுந்து வந்தவன், இனிமேல் பெண் பார்க்க வரவே மாட்டேன் என்று சொல்லிவிட்டான். தானாக ஒரு பெண்ணிடம் பேசிப் பழகி, பிடித்தால் சொல்கிறானாம். அந்தச் சாமர்த்தியம் அவனுக்கு இருந்தால் சுஜாதா எதற்கு விமானத்தின் படத்தோடு மல்லுக்கட்டப் போகிறாள்?

பிரவீனாவும் லேசுப்பட்டவள் இல்லை. ஜாதகம் என்று பேச்செடுத்தாலே அறைக்கதவைச் சாத்திக்கொள்வாள். பக்கத்துப் பக்கத்தில் உட்கார வைத்துவிட்டால் லண்டன் போவதற்குள் நாலு வார்த்தையாவது பேச மாட்டார்களா, தாங்களாகவே சந்தித்ததாக நினைத்துக்கொள்ளட்டும் என்பது இரண்டு அம்மாக்களின் திட்டம். மகன் கண்காணாத ஊருக்குப் போவதற்குள் இதை விட்டால் வேறு வழியில்லை என்று சுஜாதா நிஜமாகவே கவலைப்பட்டாள்.

காலையில் கணவர் குருமூர்த்தி மகனைக் காரில் ஏற்றிக்கொண்டு கிளம்பினார். விமான நிலையம் வரை போனால் தன் முகமே காட்டிக்கொடுத்துவிடும் என்று சுஜாதா வீட்டிலேயே நின்றுவிட்டாள். மகன் நெற்றியில் விபூதி பூசி, எவர் கேட்டாலும் சீட்டை மாற்றிக் கொடுக்காதே என்று சொன்னாள். கார் நகரும்போது ஜன்னலில் குனிந்து அதையே மறுபடியும் சொன்னாள்.

மதியம் நெருங்கும்போது போன் வந்தது. மகன் குரலில் சுரத்தே இல்லை.

“ம்மா, நான் சீட்ட மாத்திக்கிட்டேன்.”

அத்திப்பள்ளி தாண்டும்வரை, திட்டம் தெரிந்த குருமூர்த்தி வாயை மூடிக்கொண்டுதான் இருந்திருக்கிறார். பெங்களூர் சில்க் போர்டு நெரிசலில் வண்டி நின்றதும் அவருக்குப் பொறுக்கவில்லை. பக்கத்தில் வரப்போவது நல்ல குடும்பத்துப் பெண், முகத்தைத் தூக்கி வைத்துக்கொள்ளாமல் சிரித்துப் பேசு என்று மகனுக்குப் புத்தி சொல்லிவிட்டார்.

“யாரு எவருன்னு தெரியாம இருந்தா பேசிருவேன்ம்மா. என்னப் பாக்கத்தான் வந்து உக்காந்திருக்காங்கன்னு தெரிஞ்சா எனக்குத் தண்ணிகூட எறங்காது.”

கவுண்டரில் இருந்த பெண்ணிடம் கன்னடத்தில் கெஞ்சியிருக்கிறான். விமானம் நிறைந்துவிட்டது, கழிவறையை ஒட்டிக் கடைசி வரிசையில் இரண்டு சீட்தான் பாக்கி, பின்னால் சாய்க்கக்கூட முடியாது என்று அவள் எச்சரித்தாளாம். பரவாயில்லை என்று அதில் ஒன்றை வாங்கிக்கொண்டு, நிம்மதியாக உள்ளே போகிறேன் என்று போனை வைத்தான்.

சுஜாதாவுக்கு அழுகையே வந்துவிட்டது. வாய்க்கு ஒரு பூட்டுப் போடத் தெரியாத மனுஷனோடு முப்பத்துமூன்று வருஷம் குடித்தனம் நடத்தியிருக்கிறோமே என்று தன்னையே நொந்துகொண்டாள். அதைவிட, அங்கே அந்தப் பெண் காலி சீட்டைப் பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருப்பாளே, அவள் அம்மாவுக்கு என்ன பதில் சொல்வது என்பதுதான் உறுத்தியது. யாரோ சொல்லிக் கேள்விப்படுவதற்குள் நாமே சொல்லிவிடுவோம் என்று கிருஷ்ணகிரிக்குப் போன் அடித்தாள்.

மகன் சீட் மாறிவிட்டான், மனசில் ஒன்றும் வைத்துக்கொள்ளாதே என்று ஒரே மூச்சில் கொட்டித் தீர்த்தாள்.

“நீங்க வேறக்கா. நானே உங்ககிட்ட எப்பிடிச் சொல்றதுன்னு முழிச்சிட்டு இருக்கறேன். நீங்க அனுப்புன மெசேஜ எல்லாம் கெளம்பறதுக்கு முன்னாடியே பிரவீனா என் போன்ல பாத்துட்டா. இப்பத்தான் போன்ல கத்தறா, அவளும் சீட்ட மாத்திக்கிட்டாளாம்.”

சுஜாதாவுக்குப் பாரம் பாதி இறங்கியது, ஏமாற்றம் இரண்டு மடங்காக ஏறியது. இனி இதில் பேச ஒன்றுமில்லை. போனை வைப்பதற்கு முன்னால், பிரவீனாவுக்காவது உட்கார நல்ல சீட் கிடைத்ததா என்று மரியாதைக்குக் கேட்டாள்.

“எங்கக்கா நல்ல சீட்டு? பாத்ரூம் ஓரமா, கடைசி வரிசையில ஒண்ணே ஒண்ணுதான் மிச்சம் இருந்துச்சாம்.”