பாதியில் எழுந்த முயல்

முயல்களுக்கு நரியிடம் பயம் உண்டா என்று ஆராய, தூரதேசத்தில் படித்துத் திரும்பிய நாரையைக் காட்டுச் சபை அழைத்தது. பயம் இல்லையென்றால் ஆற்றங்கரை முயல் வளைகளைச் சுற்றியிருக்கும் முள்வேலியைப் பிரித்துவிடலாம் என்பது சபையின் எண்ணம்.

நரி ஏறாத பாறைமேட்டிலிருந்து முயல்கள் கூட்டமாக வந்தன. புல்லைக் கொறித்தபடியே எல்லாக் கேள்விகளுக்கும் பதில் சொல்லின.

ஆற்றங்கரையிலிருந்து ஒரே ஒரு முயல்தான் வந்தது. மற்றவை வேலியைத் தாண்டவில்லை. வந்த முயலுக்கும் ஒரு காது பாதிதான் இருந்தது. நாரை வாயைத் திறந்ததும் எங்கோ சருகு சலசலத்தது. முயல் ஓடிப்போய்ப் புதருக்குள் புகுந்தது. மெல்லத் திரும்பி வந்தது. மறுபடி சருகு, மறுபடி ஓட்டம்.

“இப்படிப் பாதியில எழுந்து போனா எப்படிம்மா? கடைசிவரை உட்கார்றவங்களைத்தான் ஆய்வுல சேர்க்க முடியும். அதுதான் முறை,” என்றது நாரை.

“நான் ஓடினதுதான் ஐயா என் பதில். குட்டிங்க இருக்கு, வேலியைப் பிரிச்சிடாதீங்க.”

“கேள்வியே கேக்கலை, அதுக்குள்ள பதிலாம்,” என்று பாறைமேட்டு முயல்கள் சிரித்தன.

முயல்களுக்குப் பயமில்லை என்று முடிவு வந்தது. சபை வேலியைப் பிரித்தது.

மறுவருஷம் முடிவைச் சரிபார்க்க நாரை மீண்டும் வந்தது. இந்தத் தடவை பாதியில் எழுந்து ஓட யாரும் இல்லை. போன வருஷத்தைவிட ஆய்வு சுத்தமாக வந்திருப்பதாகச் சபை பாராட்டியது.